முக்கால் சாப்பாடு

மாஸ்டர் டிபன் கேரியரைத் திறந்தார். நாலு அடுக்கில் மூன்றில்தான் சாப்பாடு இருந்தது. நாலாவது அடுக்கு கழுவித் துடைத்துப் பளபளவென்று காலியாக இருந்தது.

எதிர் மேஜையில் அவருடைய மனைவி டீச்சர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவர் மாஸ்டர். பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர் டீச்சர். அதே மைதானம், அதே வெயில், அதே விசில்.

"ஏம்மா, ஒரு அடுக்கு வைக்க மறந்துட்டியா?"

"மறக்கலீங்க. உங்க சம்பளத்துல எனக்கு முக்கால்தானே தர்றாங்க? முக்கால் கூலிக்கு முக்கால் சாப்பாடு."

மாஸ்டருக்கு விக்கியது. நேற்றுத் துணி துவைக்கும்போது அவருடைய பேன்ட் பாக்கெட்டிலிருந்த, மொத்தத் தொகை மட்டும் போட்ட சம்பளச் சீட்டு டீச்சர் கையில் சிக்கிவிட்டது. எட்டு வருஷமாக மனுஷர் அதைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பையன்களை மேய்க்கிறது கஷ்டமான வேலைம்மா" என்று விளக்கம் வேறு சொல்லித் தொலைத்தார். காலையில் போட்ட சட்டையில் ஒரு கை மட்டும் இஸ்திரி ஆகாமல் சுருங்கிக் கிடந்ததன் காரணம் இப்போதுதான் விளங்கியது.

"ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்னு சட்டமே இருக்கு. திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துல மனு குடுக்கப்போறேன்," என்றார் டீச்சர்.

"ஐயையோ, தாளாளர் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாரு!"

"அனுப்பினா அதுக்கும் சட்டம் இருக்கு. என் பொண்ணுங்க பயிற்சியில ஒரு நிமிஷம் குறைக்கமாட்டேன். குறைக்கறதெல்லாம் வீட்டுலதான்."

அன்று சாயங்காலம் மாஸ்டர் வித்தியாசப் பணத்தை ஒரு கவரில் போட்டு நீட்டினார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஹா, மனசு இளகிவிட்டது என்று நினைத்தார் மாஸ்டர்.

"உங்க சம்பளத்தையா கேட்டேன்? என் சம்பளத்தைக் கேக்கறேங்க. எட்டு வருஷமா நான் என்ன முக்கால் ஆளா?"

மறுநாள் கேரியரில் இரண்டே அடுக்குதான் நிரம்பியிருந்தது. லஞ்சம் கொடுத்ததற்கு அபராதமாம்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். மாஸ்டருக்குப் பயம் பறந்துபோனது. நேராகத் தாளாளர் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"சட்டம் சொல்றது ஒரே வேலைக்குத்தானே மாஸ்டர்? ரெண்டும் வேற வேற வேலைன்னு பட்டியல் எழுதிக் குடுங்க, விஷயம் முடிஞ்சது," என்றார் தாளாளர்.

எழுதுவதா? படிவம், பட்டியல் என்றாலே மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேரில் வரும் எந்தக் காகிதத்தையும் நிரப்புவது டீச்சர்தான். மாஸ்டர் படிக்கவே மாட்டார். "எங்கே கையெழுத்து?" என்று மட்டும் கேட்பார். இதையும் அப்படியே டீச்சரிடம் நீட்டி, எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

தாளாளர் படித்தார். "மாஸ்டர் வேலை: விசில் ஊதுதல். டீச்சர் வேலை: விசில் ஊதுதல், மைதானத்தில் கோடு போடுதல், அடிபட்ட முட்டிக்கு மருந்து போடுதல், அம்மாக்களுக்குப் போன் செய்தல், மாஸ்டர் தொலைத்த விசிலைத் தேடுதல்..." கண்ணாடியைக் கழற்றினார். "கீழே உங்க கையெழுத்து வேற இருக்கே ஐயா!"

மாஸ்டர் திருதிருவென்று முழித்தார். தாளாளர் சம்பளப் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"இதோ பாருங்க! அடிப்படைச் சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். உங்களுக்குக் கூட வர்றது குடும்பத் தலைவர் படி, அந்த அலவன்ஸ்தான். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். யார் தலைவர்னு வேலைக்குச் சேரும்போதே நீங்க எழுதிக் குடுத்திருப்பீங்க. இதுல ஆண் என்ன, பெண் என்ன?"

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் டீச்சரைக் கையோடு கூட்டிவந்தார். டீச்சர் கையில் மனு தயாராக இருந்தது.

"கேட்டுக்கோம்மா! உன்னை யாரும் குறைக்கல. குடும்பத் தலைவர்னு என்னைக் கொஞ்சம் மதிச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

"தலைவர் யாருன்னு யாருங்க முடிவு பண்ணினது?"

"நானேதான் எழுதிக் குடுத்தேன்!" மாஸ்டர் மேஜையைத் தட்டினார். "சார், கிளார்க்கைக் கூப்பிடுங்க. என் படிவத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. அதுல என்ன இருக்கோ அதுக்கு நான் கட்டுப்படறேன்!"

டீச்சர் மனுவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளார்க் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். மாஸ்டர் பக்கம் திரும்பாமல் தாளாளரிடம் மென்று விழுங்கினார்.

"சார், குடும்பத் தலைவர்ங்கற இடத்துல டீச்சர் பேருதான் இருக்கு, கீழே மாஸ்டர் கையெழுத்தோட. ஆம்பளைதானே தலைவரா இருப்பாருன்னு நான்தான் படிக்காமலேயே எட்டு வருஷமா படியை இவருக்குப் போட்டுட்டு வர்றேன்."