அஞ்சு முழப் பரிசல்

ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, கர்ணன் சாப்பிட்ட கும்பாவைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பட்டாபிஷேகத்துக்கு நாள் குறித்த ராஜாவைப் போலத் தொண்டையைச் செருமினான்.

"பேச்சி, நான் ஒரு பரிசல் செய்யப் போறேன்."

"செய்யுங்க," என்றாள் அவன் மனைவி முத்துப்பேச்சி. மடியில் கிடந்த ஏழு மாதப் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது, கல்யாணமான மூன்று வருஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. ஆசை வந்தவனுக்குக் காது பாதிதான் கேட்கும்.

அதுவும் சாமானிய ஆசை இல்லை. கர்ணனுக்கு மாட்டுவண்டிப் பிழைப்பு. காமயகவுண்டன்பட்டியில் அரிசி மூட்டை ஏற்றினால் மலையேறிக் குமுளியில் இறக்குவான். அங்கே ஏலக்காய் மூட்டை ஏற்றினால் இங்கே இறக்குவான். மாதத்தில் இருபது நாள் சாலையிலேயே போய்விடும். போகிற வழியில் பாதி தூரம் ஆறும் கூடவே வரும். இவன் மாட்டை அதட்டி, வாலை முறுக்கி, தொண்டை வற்றக் கத்தி ஒரு மைல் போவதற்குள், ஆறு யாருடைய அதட்டலும் இல்லாமல் பத்து மைல் போயிருக்கும். ஒரே ஒரு நாள் அதன்மேல் உட்கார்ந்து, அது கொண்டுபோகிற போக்கில் போய்ப் பார்க்கவேண்டும். கையில் ஒரு தூண்டில். காலையில் ஊருக்கு மேற்கே ஏறினால் பொழுது சாயும்போது வீரபாண்டி. நடுவில் கெண்டை கடிக்கலாம், விலாங்கு கடிக்கலாம், ஒன்றும் கடிக்காமலும் போகலாம். மாடு மட்டும் கண்ணில் படக்கூடாது.

"செய்யுங்கன்னு சொல்லிட்டு மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?"

"எம் மூஞ்சியே அப்படித்தேன்."

"சொல்லு தாயி."

"போன வருசம் தொவைக்கப் போன எடத்துல என்ன நடந்துச்சு? மானம் வெளுத்துக் கெடக்கு. ஒரு பொட்டு மழை இல்ல. மேல அணையில தண்ணிய எப்ப கூடத் தொறந்தாகளோ, கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள இடுப்பு மட்டும் வந்துருச்சு. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மா கூடை போச்சு, துணி போச்சு. அவுக மகன் கையை நாந்தான் பிடிச்சு இழுத்தேன். நான் அப்ப மாசமா இருந்தேன். இன்னமும் ராவுல அந்தக் கை நழுவுது எனக்கு."

"அது கரையில நின்னதால வந்த வினை. பரிசல்ல இருந்தா தண்ணி ஏற ஏற நாமளும் ஏறிக்கிடுவோம்ல?"

"ஏறி?"

"எறங்குறப்ப எறங்கிக்கிடுவோம்."

"மாசத்துல பத்து நாள் வீட்டுல இருக்கீக. அந்தப் பத்தையும் ஆத்துக்குக் குடுத்துட்டா நானும் இவனும் யாரு மூஞ்சியப் பாக்கிறது? உங்களுக்குன்னு ஒரு பரிசல் எதுக்கு?"

இங்கேதான் கர்ணன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினான். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், கன்றுக்குட்டியானாலும் தென்னங்கன்றானாலும், தலைப்பிள்ளையின் பேரில்தான் வரும். அப்படி வந்ததை வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

"எனக்குன்னு யாரு சொன்னா? பரிசல் எம் மகனுக்கு. சுருளியாண்டி பேருல செய்யிறேன். நான் சும்மா தொணைக்கு ஏறிக்கிடுவேன்."

முத்துப்பேச்சி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நெசமாவா? இவனுக்கா?"

"சத்தியமா."

"பொறவு பேச்சு மாற மாட்டீகளே?"

"கர்ணன்னு பேரு வச்சுக்கிட்டுக் குடுத்ததைத் திரும்பக் கேப்பேனா?"

அவள் சிரித்துவிட்டாள். வண்டிக்காரன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெற்றிலை போட்டான்.

மறுநாள் பரிசல் முடைகிற ஒச்சாண்டி வந்தார். முப்பது வருஷமாக மூங்கிலோடு பழகி, மனிதர்களைவிட மூங்கிலே நியாயமானது என்ற முடிவுக்கு வந்தவர்.

"தம்பி, எம்புட்டுப் பெருசு வேணும்?"

"அதுதேன் மூணு நாளாத் தூக்கம் இல்லண்ணே. மூணு முழம் போட்டா?"

"ஒத்தை ஆளுக்கு. லேசாத் தூக்கலாம். ஆனா பம்பரமாச் சுத்தும். பெரிய மீனு இழுத்தா நீ மீன் வீட்டுக்கு விருந்தாளி."

"எட்டு முழம் போடுங்க," என்றாள் முத்துப்பேச்சி கதவுக்குப் பின்னாலிருந்து. "நாங்க எல்லாரும் வர்றோம். ஆட்டையும் கட்டிக்கிடலாம்."

கர்ணன் உஷாரானான். அவளுடைய தந்திரம் இதுதானா! எட்டு முழம் என்றால் ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருக்கிற ஒவ்வொரு அணையிலும் இறங்கித் தூக்கி அந்தப் பக்கம் வைப்பதற்கு நாலு ஆள் வேண்டும். வீரபாண்டியிலிருந்து திரும்பும்போது எந்த வண்டியிலும் ஏறாது. அவன் என்ன, இன்று பிறந்தவனா?

"எட்டும் வேணாம், மூணும் வேணாம். அஞ்சு முழம். ரெண்டு ஆளு தாங்கும், ஒத்தை ஆளு தூக்கலாம். அஞ்சு முழத்துல ஒரு விரக்கடை கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. கேட்டுக்கிட்டியா பேச்சி?"

"அஞ்சு முழம்," என்றாள் அவள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல. "கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"நல்ல அளவு," என்றார் ஒச்சாண்டி. "ஆனா ஒண்ணு. பரிசலுக்கு உடையவுக கைமுழந்தேன் கணக்கு. எங்கையை வச்சு முடைஞ்சா அது எனக்குத்தேன் நிக்கும், வேற ஆளுக்குக் கவுத்திவிட்ரும். வர்ற பொதங்கெழமை நல்ல நாளு. அன்னைக்கு வந்து கயிறு பிடிச்சு அளந்துக்கிடுறேன்."

"நான் செவ்வாக்கெழமையே வண்டி கட்டணுமேண்ணே."

"அப்ப நீ வந்த பொறவு ஆரம்பிப்போம்."

வந்த பிறகா! பன்னிரண்டு நாள்! அதற்குள் ஆறு எவ்வளவு தூரம் போயிருக்கும்! கர்ணன் அவசர அவசரமாக மனைவியின் கையை ஓரக்கண்ணால் அளந்தான். தன் கையைவிட இரண்டு விரற்கடை குறைவு. ஐந்து முழத்துக்கு ஒரு சாண் குறையும். போகட்டும்.

"காத்திருக்க வேணாம்ணே. வீட்டுல இருக்கிறவுக கையை அளந்துக்கங்க. எல்லாம் ஒண்ணுதேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்தைதேன்."

"யோசிச்சாச்சு."

செவ்வாய்க்கிழமை வண்டி கிளம்பியது. அந்தப் பயணத்தில் கர்ணன் மாட்டை ஒரு தடவைகூட அதட்டவில்லை. மலை ஏறும்போது நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. நடுவில் ஆறு, யாரோ அவிழ்த்துப் போட்ட வெள்ளை நாடா மாதிரிக் கிடந்தது. அதில் ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தான். புள்ளிக்குள் தன்னை வைத்தான். கொஞ்ச தூரம் மிதந்ததும், எதற்கென்று தெரியாமல், பக்கத்தில் முத்துப்பேச்சியையும் வைத்தான். அவள் பயந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மலை உச்சி வரைக்கும் தோளிலேயே இருந்தது. குமுளியில் மூட்டை இறக்குகிறவர்கள், "என்ன கர்ணா, தோளு சுளுக்கா?" என்று கேட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் பொழுது சாய வீடு வந்து சேர்ந்தான். மாட்டை அவிழ்க்கக்கூட இல்லை. வாசலில் பரிசல் இல்லை. மாட்டுக்கொட்டத்தில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், பரிசலின் அடியில் போர்த்துகிற எருமைத்தோல் காய்கிற வாடைகூட இல்லை.

"பேச்சி! ஒச்சாண்டி வரலையா?"

"மெல்லப் பேசுங்க. வந்தாக, பொதங்கெழமையே வந்தாக. முடைஞ்சு குடுத்துட்டும் போயிட்டாக."

"எங்க?"

"உள்ள."

"உள்ளயா? அஞ்சு முழம் எப்படி வாசல்ல நுழைஞ்சுச்சு?"

உள்ளே போனான். நடுவீட்டு உத்திரத்திலிருந்து நாலு கயிற்றில் ஒரு பரிசல் தொங்கியது. குறை சொல்ல முடியாத வேலை. மூங்கில் பத்தைகள் குறுக்கும் நெடுக்குமாக, விளிம்பு தடித்து, அடி உருண்டு, நல்ல லட்சணமான பரிசல். இரண்டே கால் முழம் இருந்தால் அதிகம். அதற்குள் முத்துப்பேச்சியின் பழைய சுங்குடிச் சேலை விரித்திருந்தது. சேலைமேல் சுருளியாண்டி கையைக் காலை விரித்துத் தூங்கினான்.

"இது என்னது?"

"அஞ்சு முழம்."

"எவன் முழம்?"

"உடையவுக முழம். நீங்கதான சொன்னீக, பரிசல் இவனுக்குன்னு? சத்தியம் பண்ணுனீகளே? வீட்டுல இருக்கிறவுக கையை அளக்கவும் சொன்னீக. இவன் எங்கயும் போகல, வீட்டுலதேன் இருந்தான். கையை நீட்டச் சொன்னாரு, நீட்டுனான். கயிறைப் பிடிச்சு வாயில வச்சுக்கிட்டான், அதுதேன் கொஞ்சம் செரமம். முப்பது வருசத்துல இம்புட்டுச் சின்ன மொதலாளிக்கு முடைஞ்சதில்லைன்னாரு."

"அவரும் ஒத்துக்கிட்டாரா?"

"மொதல்ல ஒத்துக்கல. பொறவு பேச்சுன்னா பேச்சுதேன்னுட்டாரு. அஞ்சுக்கு மேல ஒரு விரக்கடை கூடப் போகலையான்னு நானே ரெண்டு தடவை அளந்தேன்."

கர்ணன் வாசல் பக்கம் திரும்பினான். ஒச்சாண்டியிடம் ஓடிப்போய் இன்னொன்று கேட்கலாம். அப்புறம் ஊரெல்லாம், கர்ணன் குடுத்ததைத் திரும்பக் கேட்டான் என்பார்கள்.

முத்துப்பேச்சி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மலையில் அவன் அவள் கையை நினைப்பில் சுமந்த அதே இடத்தில், தோளில், கையை வைத்தாள்.

"இந்தப் பன்னெண்டு நாளும் ஆத்துச் சத்தம் கேக்கிறப்பெல்லாம் இவனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து நின்னேன். நீங்க தரையிலதான போறீகன்னு தெரிஞ்சும் நின்னேன்."

மேற்கே ஆறு போகிற சத்தம் இப்போதும் கேட்டது. வெளியே நுகத்தடியோடு நின்ற மாடு ஒரு பெருமூச்சு விட்டது. பரிசலில் பிள்ளை சிணுங்கினான். வேறு வழி தெரியாமல் கர்ணன் கயிற்றைப் பிடித்தான். இழுத்தான். விட்டான். பரிசல் போய்ப் போய் வந்தது. தன்னை அறியாமல் உடம்பும் கூடவே சாய்ந்தது. கண் மூடியது. இதோ உத்தமபாளையம். இதோ சின்னமனூர். கை வேகமெடுத்தது. இதோ, அந்தா, வீரபாண்டி...

"மெல்ல, மெல்ல!" என்று கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள் முத்துப்பேச்சி. "நடுவீட்டுலயே இந்த லட்சணத்துல ஓட்டுறீக, உங்களை நம்பி யாரு ஆத்துல விடுவா?"