அங்கீகரிக்கப்பட்ட நண்டு

ஸ்கோர்நெஸ் கிராமத்துக்குக் கோடையில் குடும்பங்கள் வந்து மகிழ வேண்டும் என்று மாவட்ட அலுவலகம் தீர்மானித்தது. அதுவரையிலும் குடும்பங்கள் வந்து மகிழ்ந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் தீர்மானம் இல்லாமல் மகிழ்ந்தன. அந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, அங்கீகாரம் பெற்ற குடும்பச் செயல்பாடு ஒன்றாவது இல்லாத ஊரில் இனிமேல் கோடைப் படகு நிற்காது என்று அறிவிக்கப்பட்டது.

படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் எய்லர்ட் அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தார். மலைகளுக்கிடையே நீளும் ஃபியோர்டு என்னும் கடற்கழியின் கடைசி வளைவில் இருக்கும் அந்த ஊருக்குச் சாலை கிடையாது. பேத்தி துவா ஒவ்வொரு ஜூலையிலும் பெர்கன் நகரத்திலிருந்து அந்தப் படகில்தான் வருவாள். தாத்தாவும் பேத்தியும் துறை விளிம்பில் குப்புறப் படுத்து, கயிற்று முனையில் துணி மாட்டும் கிளிப்பைக் கட்டி, அதில் சிப்பிச் சதையைக் கவ்வவைத்து நண்டு பிடிப்பார்கள். பிடித்த நண்டை மாலையில் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கத் தொலைபேசியில் அதே கேள்விதான்.

“தாத்தா, தப்பிச்சுப் போச்சே, ஒரு கொடுக்கு இல்லாத அந்தப் பெரிசு, இன்னும் இருக்கா?”

“இருக்கு. நேத்துகூட உன்னைய விசாரிச்சுச்சு.”

ஆகவே எய்லர்ட், நண்டு பிடித்தலை அங்கீகரிக்குமாறு விண்ணப்பித்தார். அதிகாரி விபெக்கே வந்து இறங்கினார். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தார்.

“விளிம்புல வேலியே இல்லையே?”

“வேலி போட்டா கயிறு எப்படிம்மா தண்ணிக்குப் போகும்?”

“அது ரெண்டாம் கட்டம். நாம இப்ப முதல் கட்டத்துல இருக்கோம்.”

ஊரார் கூலியில்லாமல் கூடிச் செய்யும் ஊர்வேலைக்கு எய்லர்ட் அழைப்பு விடுத்தார். ஸ்கோர்நெஸ்காரர்கள் தேவாலயத்துக்குப் போகாமல் இருப்பார்கள். ஊர்வேலைக்கு வராமல் இருக்க மாட்டார்கள். சுத்தியலோடு அத்தனை பேரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு சோல்ஃப்ரிட் வாஃபிள் என்னும் கட்டம்போட்ட மாவடை சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தாள். கையில் சுத்தியல் இருக்கும்வரை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாஃபிள் தின்ற பிறகு கேட்கத் தெம்பில்லை. வேலி எழுந்தது.

விபெக்கே இரண்டாம் முறை வந்து வேலியை ஆட்டிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு முகம் வாடியது.

“கயிறு தண்ணிக்குப் போகலையே.”

“அதைத்தான் அன்னிக்கே...”

“பரவாயில்ல. நண்டுங்கள ஒரு தொட்டியில விட்டுருங்க.”

மறுபடி ஊர்வேலை, மறுபடி வாஃபிள், தொட்டி தயார். மூன்றாம் முறை விபெக்கே தொட்டிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தார்.

“ஆழமா இருக்கு. குழந்தை விழுந்துட்டா? தண்ணிய எடுத்துருங்க.”

“தண்ணி இல்லாம நண்டு செத்துருமே!”

“ஐயோ, அது கொடுமை. அப்ப நண்டையும் எடுத்துருங்க.”

சோல்ஃப்ரிட் பொறுமையிழந்து, மாவுக் கரண்டியோடு முன்னால் வந்தாள். “நண்டு பிடிக்கிற இடத்துல நண்டே வேண்டாமா?”

“அபாயத்தின் மூலகாரணம் நீக்கப்பட்டதுன்னு எழுதிக்கலாம். அந்தக் கிளிப்பும் வேண்டாம், விரல் நசுங்கும்.”

“அப்புறம் என்னதாம்மா மிச்சம்?” என்றார் எய்லர்ட்.

“குடும்பம்,” என்றார் விபெக்கே கனிவோடு. “அதுதானே நம்ம நோக்கம்?”

இறுதியில் ஒரு பெஞ்சும், எதிரே நண்டின் படம் வரைந்த ஒரு பலகையும் அங்கீகாரம் பெற்றன. பெஞ்சிலிருந்து யாரும் எழுந்து போய்விடாமல் கவனிக்க ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்றார்கள். எய்லர்ட்டுக்கு மஞ்சள் மேல்சட்டையும் ஊதலும் வழங்கப்பட்டன. முதல் கம்பத்தை நட்டபோதே மறுத்திருக்கலாமோ என்று அவர் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். படகு நின்றுவிடுமே என்று தனக்கே பதிலும் சொல்லிக்கொண்டார். பதில் நியாயமாக இருந்தது. மேல்சட்டையும் அளவாக இருந்தது.

ஜூலையில் படகு நிரம்பி வந்தது. குடும்பங்கள் முறைவைத்து பெஞ்சில் அமர்ந்து பலகையைப் பார்த்தன, படம் எடுத்துக்கொண்டன. ‘பிள்ளைகளோடு போக ஏற்ற இடம். நண்டுகள் மிகவும் அமைதியானவை’ என்று ஒருவர் ஊருக்கே நற்சான்று எழுதினார். வாஃபிள் மாவு போதவில்லை.

“யோவ் எய்லர்ட், பக்கத்துல இன்னொரு பலகை வைப்போமா?” என்றாள் சோல்ஃப்ரிட். “மீன் படம் போட்டு?”

துவா கிளிப்பைக் கையில் பிடித்தபடியே படகிலிருந்து குதித்தாள். “பெரிசு எங்க தாத்தா?”

எய்லர்ட் பலகையைக் காட்டினார். அவள் அதைச் சுற்றிப் பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“இந்த நண்டு எப்ப நடக்கும்?”

அவர் அடுத்த குடும்பத்தைப் பெஞ்சில் அமர்த்திவிட்டுத் திரும்புவதற்குள் அவளைக் காணவில்லை. வேலிக்கு அடியில் நுழைந்து, விளிம்பில் குப்புறப் படுத்திருந்தாள். கயிறு தண்ணீரில் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவரும் குப்புறக் கிடந்தார். உயிர்காப்பு அங்கியை வைத்து எய்லர்ட் அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னிக்கு நான் லீவு,” என்று கிசுகிசுத்தார் விபெக்கே. “சத்தம் போடாதீங்க, ஏறிக்கிட்டிருக்கு.”

தண்ணீருக்கு மேலே, கிளிப்பைப் பற்றிக்கொண்டு, உள்ளங்கை அகல நண்டு ஒன்று மெல்ல எழும்பியது. ஒரு கொடுக்கு இல்லாத அந்த உடம்பை எய்லர்ட் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவார். ஓடிப்போய்ப் பக்கத்தில் படுத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் ஊதலோடு கை ஏற்கெனவே வாய்க்குப் போயிருந்தது.

ஊதல் மலைக்கு மலை எதிரொலித்தது. நண்டு பிடியை விட்டது.

“தாத்தா, அதுதான் அந்தப் பெரிசு,” என்றாள் துவா.

பெஞ்சிலிருந்த குடும்பங்கள் எழாமலே கைதட்டின. எய்லர்ட் மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டு தலைவணங்கினார்.