முழுத்தீனிக் கூண்டு

"அப்ப வெறும் ஊசி போட்டாப் போதாதுங்களா, சாமி?"

"போதாது, சின்னாயி. வயிறு காஞ்சு கெடந்தா எந்த மருந்தும் ஒடம்புல புடிக்காது. ஒரு கூண்டுக்கு அரைத்தீனி, ஒண்ணுக்கு முழுத்தீனி; ரெண்டுக்கும் ஒரே ஊசிதான். ஆனா முழுத்தீனி திங்கற குஞ்சுங்களுக்குத்தான் கொண்டை செவந்து நிமுரும்."

"மனுசருக்கும் அப்படித்தானுங்களா?"

"எல்லா உசுருக்கும் அப்படித்தான். நீ தீனியப் போடு."

யுத்த காலம். எருமப்பட்டியில் ஊரே அரிசிக்கு வரிசையில் நின்றது. கோழிப்பண்ணை அப்புசாமியோ தம் ஊசி மருந்துச் சோதனை பலித்ததா என்று சேவற்குஞ்சுகளின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் துரை பார்வையிட வரும்போது கொண்டை சிவக்காவிட்டால் பண்ணையை மூடிவிடுவார்கள். அப்புறம் அவர் பழையபடி காளைகளுக்குக் காயடிக்கப் போகவேண்டியதுதான்.

சிவக்கவில்லை. இரண்டு கூண்டிலும் ஒரே வெளுப்பு.

ஊசி மருந்தைக் கூட்டினார். முழுத்தீனிக் கூண்டு தூங்கி வழிந்தது. தீனியைக் கூட்டினார். கம்போடு கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேர்த்தார். தட்டு துடைத்துவைத்தாற்போல் காலியானது. குஞ்சுகள் இன்னும் இளைத்தன.

"இத்தனையும் தின்னுபோட்டு எலும்பும் தோலுமா நிக்குதே!"

"கீரி திங்குதோ என்னமோங்க," என்றாள் சின்னாயி, தரையைக் கூட்டுவதை நிறுத்தாமல். "கொஞ்சம் வெரசா ஊட்டுக்குப் போவட்டுங்களா? மவ பச்ச ஒடம்புக்காரி. பேரன் ஓயாம அழுவறான்."

"போ, போ." அவர் கீரிக்குப் பொறி வைத்தார். அதில் அவருடைய கால் கட்டைவிரல் அகப்பட்டது.

மறுநாள் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. அப்புசாமி அதைக் கையில் ஏந்தினார். கனமே இல்லை, கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. நொண்டிக்கொண்டே போய், தீனிப் பீப்பாய்க்குப் பூட்டுப் போட்டார். தாமே ஒரு பிடி அள்ளி நீட்டினார். குஞ்சுகள் பாய்ந்து கொத்தியதில் விரலில் ரத்தம் வந்தது. தீனியையே கண்டறியாதவை போலத் தின்றன.

சின்னாயி அவர் இடுப்பில் செருகிய சாவியையே பார்த்தாள்.

"உங்க சொல்லு பொய்யில்லீங்க, சாமி, வைத்தியர் லேகியம் எத்தன தின்னும் ஊறாத பாலு, இந்தக் கருவாட்டுத் தூளும் புண்ணாக்கும் வயித்துல எறங்குன பெறவுதான் என்ற மவளுக்கு ஊறுச்சு, பேரன் நேத்துத்தான் அழுவாமத் தூங்குனான்... இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்தச் சாவி எங்கிட்ட இருக்கட்டுங்களா?"