அக்காவின் கிணறும் மைனஸ் நாலும்

கலியாணத்தைக் குழப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மொட்டைக் கடிதம் போடுவார்கள், சாதகத்தில் குற்றம் பிடிப்பார்கள். ஒரு வடிதாளை வைத்துக் குழப்பப் பார்த்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதுவும் சொந்த அக்காவின் கலியாணத்தை.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் உதவியாளராக நான் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. என் தலைக்கனத்துக்கு மட்டும் தட்டுப்பாடே வரவில்லை. அச்சுவேலிக்கு வீடு திரும்பும்போது வெள்ளை மேலங்கியைச் சைக்கிள் கூடையில் ஊருக்கே தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டுதான் வருவேன்.

அக்காவுக்குச் சீதனமாக எழுதவிருந்த வளவுக் காணியில் ஒரு கிணறு இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கரவெட்டியிலிருந்து வளவு பார்க்க வந்தார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய நில அளவையாளர். மாரி மழை விட்டு இரண்டு நாள்தான். மனிசன் ஒரு கிளாஸில் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"கலங்கலாக் கிடக்கு. நல்ல தண்ணிக் கிணறெண்டெல்லோ சொன்னவை?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கிணறு சரியில்லை என்றால் பெண் எவ்வளவு வடிவாக இருந்தும் பேச்சு இழுபடும். அறைக் கதவுக்குப் பின்னால் அக்கா மூச்சுக் காட்டாமல் நின்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"ஐயா, நான் ஆய்வுகூடத்திலை சோதிச்சு ரிப்போட் தாறன்," என்றேன். (ஆரும் என்னைக் கேட்கவில்லை.)

சோதனை பெரிய வித்தையில்லை. வடிதாளை நிறுக்க வேண்டும். அதனூடாக ஒரு லீற்றர் தண்ணீரை வடித்து, தாளைக் காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். கூடிய எடைதான் தண்ணீரில் மிதந்த ஊத்தை.

அலுமாரியில் கண்ணாடி நாரால் செய்த வடிதாள்கள் இரண்டு பெட்டி இருந்தன. ஒன்று மெல்லியது, தொட்டால் பிய்ந்துவிடும் போலிருக்கும். மற்றது தடிப்பு, பசை போட்டு இறுக்கியது. "நிறுக்கிற வேலைக்கு மெல்லியதுதான், விளங்கிச்சோ?" என்று ஆய்வுகூடப் பொறுப்பாளரான சேர் முதல் நாளே சொல்லியிருந்தார். "ஓம் சேர்" என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் அக்காவின் வாழ்க்கை அல்லவா? உறுதியானதாக இருக்கட்டும் என்று தடிப்பானதை எடுத்தேன்.

சேர் அன்று லீவு. தண்ணீரை உறிஞ்சும் மின்பம்பியும் நிரந்தர லீவு. சைக்கிள் பம்பின் தோல் வாசரைத் திருப்பிப் போட்டால் அது காற்றை அடிக்காமல் இழுக்கும். அப்படி இழுத்து இழுத்தே ஒரு லீற்றரையும் வடித்தேன். தோள்மூட்டு கழன்றுவிட்டது. பிறகு வடிதாளைப் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, சிரட்டைக்கரி அடுப்பில் ஏற்றினேன். பதமான சூடு போதும். நான் கண்ணாடி எரியாதுதானே என்று விசிறு விசிறென்று விசிறினேன். ஏதோ மணந்தது. பக்கத்து வீட்டுக் கறி அடிப்பிடிக்கிறது என்று அவர்களுக்காக இரக்கப்பட்டேன்.

நிறுத்தபோது தாள் வடிக்குமுன் இருந்ததைவிட நாலு மில்லிகிராம் குறைந்திருந்தது.

புத்தியுள்ளவள் அங்கேயே தலையில் கை வைத்திருப்பாள். நான் யோசித்தேன்: ஊத்தை பூச்சியம் என்றால் சுத்தத் தண்ணீர். பூச்சியத்துக்கும் கீழே போனால்?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று வாசித்தேன். "மிதக்கும் திண்மம், லீற்றருக்கு மைனஸ் நாலு மில்லிகிராம்!"

மாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, நான் ஒரு காணியை அளந்து மைனஸ் ரெண்டு பரப்பெண்டு ஒருநாளும் எழுதினதில்லை."

"ஐயா, அது... அவ்வளவு சுத்தம்."

"அப்ப உம்மடை தாள் தண்ணியை வடிச்சதோ, தண்ணி தாளைக் கழுவினதோ?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினார். மாமன் சிரிக்கவில்லை. "சரியான கணக்கு வரட்டும், பிறகு கதைப்பம்," என்று குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். அன்று முழுக்க அக்கா அறைக் கதவைத் திறக்கவேயில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சேரிடம் போய் அழுதேன்.

"எந்தப் பெட்டி?"

"தடிப்பானது, சேர்."

"கண்ணாடி எரியாது. அதிலை போட்ட பசை எரியாதோ?" என்றவர், மெல்லிய தாள் ஒன்றைத் தானே இடுக்கியால் எடுத்துத் தந்தார். அதைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, இளஞ்சூட்டில் காயவைத்து, நிறுத்து, புதிதாக அள்ளி வந்த கிணற்றுத் தண்ணீரை வடித்து, மறுபடி காயவைத்து நிறுத்தேன். மழைக் கலங்கலும் அதற்குள் அடைந்துவிட்டது. மில்லிகிராம் இரண்டு. மைனஸ் இல்லாத, மானமுள்ள இரண்டு.

வல்லை வெளியில் எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்துக் கரவெட்டிக்குப் போனேன். மாமன் இரண்டு ரிப்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பழசைக் கிழிச்சுப்போட்டு, இந்தக் கிழவன் பிழையாக் கேட்டிட்டுதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"பிழை என்ரை, ஐயா. கிணத்திலை ஒரு பிழையுமில்லை."

மைனஸ் ரிப்போட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "முப்பது வரியம் உத்தியோகம் பாத்தனான். தன்ரை அளவு பிழையெண்டு வந்து சொன்ன ஒருத்தரையும் காணேல்லை. கொம்மாவை நாள் பாக்கச் சொல்லும்."

கலியாணம் நடந்தது. அந்த மைனஸ் ரிப்போட்டை மாமன் திருப்பித் தரவேயில்லை. விருந்துப் பந்தியில் எடுத்து உரத்து வாசித்தார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்துக்குள் ஆராவது உடம்பு வைத்தால் வைத்தியம் ஒன்றுதான்: அக்காவின் கிணற்றுத் தண்ணீர். குடித்தால் எடை குறையுமாம்.

போன வருடம் ஊருக்குப் போனபோது, நான் படியேறி மூச்சு வாங்கியதைக் கண்ட அத்தான், அன்றைக்கு இருமிய அதே மாப்பிள்ளை, ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார்.

"குடியும் மச்சாள். மைனஸ் நாலு."

கதவுக்குப் பின்னால் நின்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அன்றைக்கு நான் இல்லாமல் செய்யப் பார்த்தேன். செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். முப்பது வருடமாக ஊருக்கு வரும்போதெல்லாம் குடிக்கிறேன், ஒரு மில்லிகிராமும் குறையவில்லை.