கஞ்சி போட்ட உயரம்

நான் குள்ளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். ஐந்தடிக்கு மேல் ஒரே ஒரு அங்குலம் (அதுவும் காலை வேளையில்). இந்த என்னைத்தான் எழுபதுகளில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டுபிடிக்க ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடு என்று அனுப்பினார்கள்.

மாகறலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் கால் கடுக்க நடந்தால் அந்த நெசவு ஊர். குன்றிய குழந்தைகள் இருந்தால் அங்கே பால் பவுடரும் மதியச் சாப்பாடும் தரும் மையம் வரும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும். தருவதாகச் சொன்ன அளவுகோல் வரவே இல்லை. நானே ஒரு பருத்திக் கயிற்றில் அங்குலத்துக்கு ஒரு கறுப்பு நூல் கட்டி, தொண்டராகச் சேர்ந்திருந்த வள்ளியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் போனால் கயிறு வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருந்தது. முதலில் என்னை அளந்து காட்டச் சொன்னேன். வள்ளியம்மா ஒரு நுனியைக் காலால் மிதித்து, மறுநுனியை என் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்தாள்.

"அஞ்சடி அஞ்சங்குலம் சார்."

வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் பூரித்துப்போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்கப் போன வீட்டில் வாய் கூசாமல் அந்த உயரத்தைச் சொன்னேன். பெண்ணின் அப்பா ஏற இறங்கப் பார்த்தார் (இறங்கித்தான் அதிகம் பார்த்தார்).

குழந்தைகளை அளந்த கதையைக் கேட்காதீர்கள். கத்தின, உதைத்தன, ஒன்று என் பேண்ட்டை நனைத்தது. அலுத்துச் சலித்து முடித்தபோது ஊரில் ஒரு குழந்தைகூடக் குள்ளமில்லை. வள்ளியம்மாவின் நாலு வயது மகள் செல்வி உட்பட.

"நல்லா பாருங்க சார். ரெண்டு வயசுப் புள்ளையாட்டம் இருக்குது. ஒண்ணுமே இல்லன்றீங்களே?"

"கயிறு பொய் சொல்லாதும்மா" என்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மையத்தை வேறு ஊருக்கு மாற்றுமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, மையங்களுக்குப் பொறுப்பான டாக்டரம்மா வந்தார். நல்ல உயரம். செல்வியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றை வாங்கித் தன்னையே அளக்கச் சொன்னார்.

"நான் ஆறடியாய்யா? எங்க வீட்டுலகூட யாரும் சொல்லலையே! இந்தக் கயித்த என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலமா. வெந்நீர்ல ஊறவச்சு, கஞ்சி போட்டு, சுருட்டிக் காயவச்சேன்" என்றாள் வள்ளியம்மா. "நூல்னா கஞ்சி போடாம எப்டிமா வைக்கிறது?"

கயிறு சுருங்கி, கறுப்பு நூல்களெல்லாம் நெருங்கி வந்திருந்தன. அதை டாக்டரம்மா என் தோளில் மாலையாகப் போட்டார். டவுனிலிருந்து டேப் வாங்கி வந்து, எல்லாக் குழந்தைகளையும் மறுபடி அளந்தேன். மறுபடி அதே கத்தல், அதே உதை. செல்விக்குத்தான் முதல் டம்ளர் பால். அவள் குடித்து முடிக்கும்வரை வள்ளியம்மா டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டேன். முகூர்த்தத்தன்று பக்கத்தில் நின்றதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது; கயிற்றுக் கதையை நானே சொல்ல வேண்டியதாயிற்று. இன்றும் நான் எதைப் பெருமையாகச் சொன்னாலும், பென்ஷனோ ரத்த அழுத்தமோ, அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"இது கஞ்சி போட்டதா, போடாததா?"