பெண் கொடுத்த வீட்டில் காயில் எடுத்தவன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாத சம்பந்தி எழுதிக்கொள்வது. இவ்விடம் என் மானம் தவிர மற்றவை நலம். அவ்விடம் உங்கள் கார் தவிர அனைவரும் நலமென நம்புகிறேன்.

போன ஞாயிறு நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கண்ணயர்ந்தீர்களே, அப்போது நான் வாசலில் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன். என் கார் ஒரு மாதமாக இருமி இருமிக் குலுங்கியது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற இக்னிஷன் காயில் போயிருக்கும் என்றார்கள். இருப்பது நாலு காயில். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொன்றின் ஒயரையும் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த காயில். மூன்றாவதைக் கழற்றினேன், மாமியார் பேச்சு காதில் விழாத மருமகள் போல எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடியது. (உங்கள் வீட்டைச் சொல்லவில்லை.) அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எதற்கும் நல்ல காயில் ஒன்றை மாட்டி உறுதி செய்துகொள்ளலாமே என்று புத்தி போயிற்று. உங்கள் காரும் என் காரும் ஒரே மாடல். ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். நான் காயில் கொடுத்துக் காயில் எடுத்தேன். உங்களுடையதை என் காரில் மாட்டிவிட்டு, காயில் எடுத்த குழியில் தூசி விழக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் என் செத்த காயிலை உங்கள் காரில் செருகி பானெட்டைச் சாத்தினேன். என் கார் வெண்ணெய் போல ஓடியது. அந்த ஆனந்தத்தில் நிற்கும்போதே பின்னால் உங்கள் குரல்: "சம்பந்தி, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும், கிளம்பறோம்." உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போயிட்டு வாங்க" என்றுதான் வந்தது.

பாலத்து ஏற்றத்தில் கார் நின்றதும், சம்பந்தியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளியதும் கேட்டுத் துடித்துப்போனேன். அதுகூடப் பரவாயில்லை. உங்கள் மெக்கானிக் வந்து பார்த்து, "இது நான் போன மாசம் போட்ட காயில் இல்லீங்க" என்று சத்தியம் செய்தாராமே. "புதுசுன்னு சொல்லிப் பழசை மாட்டிட்டு சத்தியம் வேற பண்றியா?" என்று தெருவே பார்க்க அவரைத் திட்டி விரட்டியதாக நீங்களே போனில் சொன்னீர்கள். நான் என்ன சொன்னேன்? "இந்தக் காலத்துல யாரைத்தான் நம்பறது, சம்பந்தி!" என்றேன். அதைச் சொன்ன நாக்கோடு சாப்பிடவே கூசுகிறது.

இப்போது அவரிடம் யாரும் வண்டி விடுவதில்லையாம்; மகள் சொன்னாள். உண்மையைச் சொன்ன மனிதர் திருடர், திருடியவன் சம்பந்தி. தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுங்கள். என் பேர் கெட்டால் கெடட்டும், அவர் பேர் மீளட்டும். உங்கள் காயிலைத் துடைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவின் இடுப்பு வலிக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத சம்பந்தி

பி.கு.: இதைப் படித்த என் மனைவி, "காகிதத்துல மன்னிப்புக் கேட்டா போதுமாங்க? நேர்ல போய்க் கேளுங்க" என்கிறாள். நேரில் வர என் கார் ஓட வேண்டும். ஆகவே கடிதம் மட்டும் முன்னால் வருகிறது. உங்கள் காயில் என் காரிலேயே பின்னால் வருகிறது. வந்ததும் கழற்றித் தருகிறேன். அப்புறம் நாங்கள் வீடு திரும்ப வேண்டுமே, அதனால் ஒரு புதுக் காயிலோடு உங்கள் மெக்கானிக்கையே வரச் சொல்லி வையுங்கள். அவர் வேலை சுத்தமாக இருக்கும். வண்டி யாருடையது, என்ன நடந்தது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் தொடமாட்டார்.