பொழுதுபோக்கு: மீன் பிடித்தல்

“அப்போ உங்ககிட்ட தூண்டில் எத்தனை இருக்கு?” என்று மேனேஜர் துரைசாமி கேட்டபோதுதான், தன் பயோடேட்டாவின் கடைசி வரியை முனிரத்தினம் முதன்முறையாகப் படித்தார்.

பொழுதுபோக்கு: மீன் பிடித்தல்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஜாஹித் அடித்துக் கொடுத்த பயோடேட்டா அது. பள்ளிக்கூடத்துத் தோழன்தானே என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். முனிரத்தினம் அதுவரை பிடித்த ஒரே மீன், தட்டிலிருந்து நழுவிய ஒரு வறுவல் துண்டு.

“ரெண்டு சார்,” என்றார். மூன்று என்றால் பெருமையடித்தது போல இருக்கும்.

பதினான்கு வருஷமாக அந்த ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார். இப்போது கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர் பதவி காலி. பதவி ஒன்று, போட்டிக்கு மூன்று பேர், முடிவு துரைசாமி கையில். கடைசி வரி பொய் என்று சொன்னால், மேலே உள்ள பதினான்கு வருஷத்தையும் அவர் சந்தேகப்பட மாட்டாரா?

“நல்லதாப் போச்சு,” என்றார் துரைசாமி. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை முனிரத்தினம் பார்த்ததே இல்லை. “எனக்கும் அதுதான் பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை பாலாறு கடல்ல சேர்ற இடத்துக்குப் போறோம். தட்டைத்தலை மீனுன்னு ஒண்ணு. மண்ணுக்குள்ள படுத்துக் கெடக்குமாம்.”

“பெரிய கில்லாடி மீன் சார் அது,” என்றார் முனிரத்தினம்.

அவருக்குத் தெரிந்த பாலாறு, மாதனூர் பக்கம் மணலாகக் கிடக்கும் பாலாறு. வெள்ளம் வந்த வருஷத்தைத் தவிர அதில் மீனைப் பார்க்க வேண்டுமென்றால், கடையில் வாங்கிக் கொண்டுபோய்ப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

“உங்களுக்கு நீச்சலே தெரியாதே,” என்றாள் மனைவி பாரதி. கம்பெனி ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவள்.

“மீனுக்குத் தெரிஞ்சா போதும்.”

ஆம்பூரில் தோல் வெட்டும் கத்தி தெருவுக்குத் தெரு கிடைக்கும். தூண்டிலுக்கு அலைய வேண்டியிருந்தது. மாதனூர் ஏரியில் கெண்டை பிடிக்கும் ஒருவரிடம் கெஞ்சி இரண்டு தூண்டில் முள் வாங்கினார். கொல்லையில் துணி காயப்போடும் மூங்கிலைக் கழற்றினார். ஈயக் குண்டுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் நட்டு. பாரதியின் நைலான் நூல் கட்டையில் கை வைத்தபோதுதான் வீட்டில் சத்தம் வந்தது.

“அதுல எத்தனை ஜோடி தைக்கலாம் தெரியுமா?”

“நான் சூப்பர்வைசர் ஆய்ட்டா நீ தைக்கவே வேணாம்.”

அதற்கப்புறம் அவளே நூலை மூங்கிலில் சுற்றிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு வாழையடியில் மண்புழு தோண்டி ஒரு டிபன் பாக்ஸில் போட்டு வைத்தார். பாரதி எலுமிச்சை சாதம் கட்டினாள். அவள் அம்மா வீட்டுச் சீதனத்தில் வந்தவை அந்த டிபன் பாக்ஸ்கள், இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி.

ஞாயிறு காலை துரைசாமியின் காரில் நாலு மணி நேரப் பயணம். துரைசாமியின் தூண்டில் நீள உறைக்குள் இருந்தது. பிடியில் விலைச் சீட்டு கூட அப்படியே ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் மீன் பிடித்தும் பொருளை எவ்வளவு புதுசாக வைத்திருக்கிறார் மனுஷன் என்று முனிரத்தினம் வியந்து போனார்.

“சார், ஒரு விஷயம் சொல்லணும்,” என்று காஞ்சிபுரம் தாண்டும்போது ஆரம்பித்தார். பொய்யோடு இதற்கு மேல் ஒரு மைல்கூடப் போக வேண்டாமென்று அவருக்குத் தோன்றியது.

“மீனைப் பத்தியா?”

“ஆமா சார்.”

“அப்போ வேணாம். அதெல்லாம் வாயால பேசுற விஷயமா? செஞ்சு காட்டுங்க, நான் பாத்துக்குறேன்,” என்று துரைசாமி அவசரமாக ரேடியோவைப் போட்டார். எப்பேர்ப்பட்ட அடக்கம், என்று முனிரத்தினம் வாயை மூடிக்கொண்டார்.

முகத்துவாரத்தில் படகுக்காரர் கன்னியப்பன் காத்திருந்தார். ஆம்பூரில் மணலாகக் கிடந்த பாலாறு அங்கே அகன்று, பச்சையாக, காற்றில் சுருக்கம் விழுந்து கிடந்தது. நம்ம ஆறா இது என்று முனிரத்தினம் எட்டி எட்டிப் பார்த்தார். சொல்லி வந்த பொய்யைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்.

படகு நகர்ந்ததும் போன் அடித்தது. பாரதி.

“பசிக்குதேன்னு, நீங்க விட்டுட்டுப் போன டிபன் பாக்ஸைத் தொறந்தேன்,” என்றாள். “திரும்பி வீட்டுக்கு வர்ற ஐடியா இருக்கா?”

முனிரத்தினம் மடியிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்தார். எலுமிச்சை சாதம் மஞ்சளாகச் சிரித்தது.

“இன்னா ஆச்சு?” என்றார் துரைசாமி.

“இரை வீட்லயே தங்கிடுச்சு சார். உங்க பெட்டியில இருக்குமே?”

துரைசாமியின் காலடியில் பெரிய நீலப் பெட்டி ஒன்று பூட்டியிருந்தது. அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், பேன்ட் பையைத் தொட்டுப் பார்த்தார். “சாவியை மறந்துட்டேனே. பரவால்ல, நீங்க ஆரம்பிங்க.”

பெரிய மனுஷங்களுக்கு ஆயிரம் வேலை, சாவியா ஞாபகம் இருக்கும்? முனிரத்தினம் வெறும் முள்ளை நட்டோடு சேர்த்து வீசினார். அது பின்பக்கமாகப் போய்த் துரைசாமியின் தொப்பியைக் கவ்விக்கொண்டு, அவர் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரில் விழுந்தது. தொப்பி கழன்று கடலைப் பார்த்துக் கிளம்பியது.

சூப்பர்வைசர் பதவியும் கூடவே மிதந்து போவதை முனிரத்தினம் பார்த்தார்.

“நீரோட்டம் எந்தப் பக்கம்னு பாக்குறீங்களா?” என்றார் துரைசாமி மெதுவாக.

“ஆ... ஆமா சார்.”

“தொப்பியைப் போட்டு நீரோட்டம் பாக்குறதை இப்பத்தான் பாக்குறேன்.” குரலில் மரியாதை கூடியிருந்தது. கன்னியப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருமுவது போலத் திரும்பிக்கொண்டார்.

“இரை இல்லாம மீன் வராதுங்க,” என்றார் பிறகு. “தட்டைத்தலை அடியில படுத்திருக்கும். சின்ன மீனு மாதிரி ஏதாச்சும் மண்ணுல துள்ளுனாத்தான் வாயைத் தொறக்கும்.”

மீன் மாதிரி. முனிரத்தினம் யோசித்தார். தோல் கிடைத்தால் எந்த வடிவத்தையும் வெட்டிவிடலாம். ஆனால் கம்பெனியிலிருந்து நகத்தளவு தோல் வெளியே போனாலும் கேட்டில் செக்யூரிட்டி பிடித்துவிடுவார், கையில் துண்டு ஏது? குனிந்து தன் காலைப் பார்த்தார். போன தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த ஷூ. லேசுக்குக் கீழே நாக்கு மெத்தென்று எட்டிப் பார்த்தது.

வெட்டுக்காரன் கத்தி இல்லாமல் எங்கேயும் போக மாட்டான். ஷூவைக் கழற்றி, நாக்கை அறுத்து, நாலே இழுப்பில் ஒரு மீனை வெட்டினார். வால் இரண்டாகப் பிளந்து, நடுவில் இடுப்பு ஒடுங்கி, முள்ளில் மாட்டித் தண்ணீரில் விட்டதும் நெளிந்தது.

கன்னியப்பனே துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். துரைசாமி தன் ஷூவையும் கழற்றி நீட்டினார்.

“எனக்கும் ஒண்ணு வெட்டிக் குடுங்க.”

“சார், உங்களுது விலை ஜாஸ்தி.”

“வெட்டுங்க.”

நூலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாததால் முனிரத்தினம் பயந்து பயந்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தோல் மீன் அடி மண்ணில் துள்ளித் துள்ளி நகர்ந்தது. துரைசாமியும் அவர் கையைப் பார்த்தபடி அதே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இழுப்பில் மூங்கில் வில்லாக வளைந்தது.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. துரைசாமி தூண்டிலைப் போட்டுவிட்டு முனிரத்தினத்தின் இடுப்பைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டார். ஒரு மேனேஜர் தன் தொழிலாளியைத் தண்ணீரில் விழாமல் தாங்கிப் பிடிக்கிறார். அந்த அவஸ்தையிலும் முனிரத்தினத்துக்குக் கண் கலங்கியது. நூல் அறுந்திருக்க வேண்டும். ஆனால் ஏற்றுமதி ஷூவின் மேல்பாகத்தையே இழுத்துப் பிடிக்கிற நூல் அது, அறுந்துபோகவில்லை.

முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் படகில் விழுந்தது. யாரோ தலையில் ஏறி மிதித்தது போலத் தட்டையாக, மணல் நிறத்தில், கோபமான முகத்தோடு.

“தலையைத் தொடாதீங்க, முள்ளு குத்தும்,” என்று கன்னியப்பன் சாக்கைப் போட்டு அமுக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். “இருவது வருஷமா படகு ஓட்டுறேன். ஷூ நாக்குல மீன் புடிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

திரும்பும் வழியில் இருவரும் நாக்கில்லாத ஷூவோடு எலுமிச்சை சாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

“உங்க பேரைத்தான் எழுதப் போறேன்,” என்றார் துரைசாமி. “மீனுக்காக இல்ல. கையில ஒண்ணுமில்லாதப்ப கால்ல இருந்ததை எடுத்தீங்க பாருங்க, அதுக்காக. அடுத்த மாசம் வெளிநாட்டுலேர்ந்து நம்ம ஷூ வாங்குற பையர் வர்றாரு. அவருக்கு இந்த மீனுன்னா உசுரு. அவரையும் நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்.”

முனிரத்தினம் கையிலெடுத்த சாதத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தார்.

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டில் அவர் பெயர் ஏறியது. கேன்டீனில் மீன் முழங்கையிலிருந்து வளர்ந்து, சாயங்காலம் பஸ் ஏறும்போது ஆள் உயரமாகியிருந்தது. துரைசாமியைப் போன்ற ஒரு மனுஷனை ஏமாற்றி வாங்கிய பதவி என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. நேராக முஜாஹித் கடைக்குப் போனார்.

“அந்தக் கடைசி வரியை எடுத்துட்டு வேற ஒண்ணு அடிச்சுக் குடு. நாளைக்கு சார்கிட்ட உண்மையைச் சொல்லப் போறேன். பதவி போனா போவட்டும். அவ்ளோ பெரிய மீன்காரர் முன்னாடி இனிமே என்னால நடிக்க முடியாது.”

முஜாஹித் கம்ப்யூட்டரைத் தட்டாமல் சிரித்தான்.

“இன்னா பேஜாராப் போச்சு தோஸ்த். ஒரு வரியை ஒரே நாள்ல எத்தனை தடவைதான் எடுக்குறது? எட்டு வருஷத்துக்கு முன்னாடி துரைசாமி சாருக்கு அடிச்ச பயோடேட்டாலதானே உன் பேரையும் வேலையையும் மாத்துனேன், கடைசி வரி அப்படியே தங்கிடுச்சு. மத்தியானம் அவரும் வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனாரு, ‘அந்த வரியை எடுங்க பாய், முனிரத்தினம் மாதிரி ஒரு மீன்காரர் முன்னாடி இனிமே என்னால நடிக்க முடியாது’ன்னு.”